கிக் கம்பிக்கு வழி விடும் கால்தாங்கி: போல்ட்டைக் கழற்றும் முன் அளக்க வேண்டியவை

என் தம்பி தன்னுடைய இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளுக்கு ‘ரேசிங் செட்’ போட்டு வந்த மறுநாள், விடியற்காலை ஐந்தரை மணிக்கு அப்பா அதை எடுத்துக்கொண்டு செம்பனைத் தோட்டத்து வேலைக்குக் கிளம்பினார். இரவெல்லாம் மழை. பேட்டரி இறங்கிக் கிடந்தது. கிக் கம்பியை விரித்து ஓங்கி மிதித்தார். கம்பி பாதி வழியிலேயே புதுக் கால்தாங்கியில் மோதி நின்றது. கால் வழுக்கி, கணுக்கால் அலுமினிய முனையில் போய் அடித்தது. மூன்று வாரம் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. நாள் சம்பளக்காரருக்கு மூன்று வாரம் என்றால் என்ன என்று இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தம்பி பெரிய தவறு எதுவும் செய்துவிடவில்லை. கடையில் காட்டிய பொருளை வாங்கினான், பட்டறையில் மாட்டிக் கொடுத்ததை ஓட்டி வந்தான். கிக் கம்பி முழுதாக இறங்குகிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. பித்தானை அழுத்தினால் வண்டி கிளம்பும்போது அதைப் பார்க்கவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? பேட்டரி செத்த காலையில்தான் கிக் கம்பி நினைவுக்கு வரும்.

கால்தாங்கியையும் பிரேக் மிதியையும் மாற்றுகிறவர்கள், அல்லது ஏற்கெனவே மாற்றிவிட்டுக் கம்பி இடிக்கிறது என்று அவதிப்படுகிறவர்கள், எதை முதலில் பார்க்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்பதைப் பற்றியது இந்தக் கட்டுரை. முதலில் ஒரு சொல் விளக்கம். நாம் கால் வைத்துக்கொள்ளும் கட்டையைக் கடைகளில் ‘ஃபுட்ரெஸ்ட்’ என்பார்கள். இங்கே அதைக் கால்தாங்கி என்கிறேன். அழுத்தி இயக்குவதை மட்டும் மிதி என்கிறேன்: பிரேக் மிதி, கியர் மிதி.

ஏன் இடிக்கிறது

கப்சாய் வகை வண்டிகளில், அதாவது இஎக்ஸ்5, மொடெனாஸ் கிரிஸ் போன்றவற்றில், ஓட்டுபவரின் இரண்டு கால்தாங்கிகளும் தனித்தனி அல்ல. குறுக்கே ஓடும் ஒரே இரும்புக் குழாய். அது என்ஜினின் அடிவயிற்றில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். கிக் கம்பியின் தண்டு அதற்குப் பின்னால், என்ஜினின் வலப்பக்கம் வெளியே வருகிறது. கம்பியை மிதிக்கும்போது அது மேலிருந்து பின்பக்கமாகக் கீழே ஒரு வளைவில் இறங்குகிறது. தொழிற்சாலை வைத்த இடத்தில் கால்தாங்கி இருக்கும்வரை இந்த வளைவு அதற்குப் பின்னாலேயே கடந்து போய்விடும். ஒன்றை ஒன்று தொடாது.

இப்போது ‘ரேசிங் செட்’ என்ன செய்கிறது? முன்னால் இருந்த கால்தாங்கியைப் பின்னுக்கும் மேலுக்கும் கொண்டுபோகிறது. குனிந்து ஓட்ட வசதி, வளைவில் தரையில் உரசாது என்பது அதன் நியாயம். ஆனால் பின்னுக்கும் மேலுக்கும் என்றால் அது கிக் கம்பி இறங்கும் அதே பாதை. பந்தயத் திடலில் ஓடும் வண்டிக்கு இது பொருட்டல்ல. அங்கே தள்ளிக் கிளப்புவார்கள், பல வண்டிகளில் கிக் கம்பியையே கழற்றிவிடுவார்கள். அந்த வடிவத்தை அப்படியே சாலை வண்டிக்குக் கொண்டுவந்ததில்தான் சிக்கல் பிறக்கிறது.

ஆர்எக்ஸ்இசட் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய தலைவலி. 133 சிசி, இரண்டு ஸ்ட்ரோக், மின் ஸ்டார்ட் கிடையாது. கிக் அடித்தால்தான் வண்டி. ஒய்15இசட்ஆர், எல்சி135 போன்றவற்றில் பித்தானும் உண்டு, கம்பியும் உண்டு. அதனால் அவற்றில் இந்தக் குறை மாதக்கணக்கில் ஒளிந்துகொண்டிருக்கும்.

கம்பி இடித்தால் வலி காலுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பாதி வழியில் நின்ற மிதிப்பு என்ஜினைப் பாதிச் சுற்றுதான் சுற்றும். அந்த நேரத்தில் தீப்பொறி விழுந்தால் என்ஜின் எதிர்த்துத் திருப்பி உதைக்கும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்த அடி எப்படி இருக்கும் என்று தெரியும். அதோடு, முழு எடையும் கம்பியின் நடுவில் மோதும்போது அந்த அதிர்ச்சி கிக் தண்டுக்கும், அதைத் தாங்கும் அலுமினிய உறைக்கும் போகிறது. உறை விரிந்தால் எண்ணெய் கசியும். செலவு கால்தாங்கியின் விலையைத் தாண்டிவிடும்.

திரும்பி வரும் வழியும் உண்டு

பெரும்பாலோர் கம்பி கீழே இறங்கும் வழியை மட்டும் பார்க்கிறார்கள். அது திரும்பி வரும் வழியைப் பார்ப்பதில்லை. என் கணிப்பில் இதுதான் அதிகம் கவனிக்கப்படாத இடம்.

கிக் தண்டின் உள்ளே ஒரு பற்சக்கரம் இருக்கிறது. மிதிக்கும்போது அது நகர்ந்து என்ஜினோடு கடித்துக்கொள்கிறது. கம்பி சுருள்வில்லால் மேலே திரும்பி, தன் ஓய்வு நிலைக்கு முழுதாக வந்த பிறகுதான் அது விலகி நிற்கும். புதிதாக வைத்த பிரேக் கையோ, கால்தாங்கித் தகடோ கம்பியை ஒரு விரல் அளவு முன்கூட்டியே நிறுத்திவிட்டால், உள்ளே பற்கள் முழுதாக விலகாது. ஓடும்போது வலப்பக்கம் ‘கர கர’ என்றோ ‘டிக் டிக்’ என்றோ ஓசை வரும். சிலர் அதை வால்வு ஓசை என்று நினைத்துத் தலையைத் திறக்கிறார்கள். பல் தேய்ந்த பிறகு கிக் வழுக்கும், பிறகு என்ஜினைப் பிளக்க வேண்டியதுதான்.

ஆகவே கம்பிக்கு நான்கு நிலையிலும் இடம் வேண்டும்: ஓய்வில் மடங்கியபடி, ஓய்வில் விரிந்தபடி, மிதிப்பின் நடுவில், மிதிப்பின் அடியில். மடங்கிய நிலையில் இருக்கும்போது பிரேக் மிதியை அடிவரை அழுத்தினாலும் இரண்டும் தொடக் கூடாது. இந்தக் கடைசிச் சோதனையை விட்டுவிட்டால், அவசரத்துக்குப் பிரேக் அழுத்தும்போது மிதி கிக் கம்பியில் போய்த் தட்டி நிற்கும்.

அளப்பது எப்படி

வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சாவியை அணைத்துவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் இல்லாவிட்டால் சிலிண்டரில் அழுத்தம் இருக்காது. கிக் கம்பியைக் கையாலேயே மெதுவாக இறக்கலாம், எந்த இடத்திலும் நிறுத்தலாம். காலால் அடித்துப் பார்த்து இடிக்கிறதா என்று சோதிப்பது வேண்டாம்.

ஒரு பெரிய அட்டையை, பிஸ்கட் பெட்டி அட்டை போதும், கம்பிக்கு உட்புறமாக வண்டியோடு சேர்த்து ஒட்டுங்கள். கம்பியின் நுனியிலும் நடுவிலும் சுண்ணாம்புக் கட்டியைக் கட்டி மெதுவாக இறக்கினால் இரண்டு வளைவுகள் அட்டையில் விழும். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பட்டைதான் கம்பியின் சொத்து. புதிய கால்தாங்கியின் எந்தப் பாகமும் அதற்குள் நுழையக் கூடாது, நுழைந்தால் வெளிப்பக்கமோ உட்பக்கமோ விலகி இருக்க வேண்டும்.

எவ்வளவு விலகல் போதும்? மெதுவாகக் கையால் இறக்கும்போது தெரியும் இடைவெளியும், எண்பது கிலோ ஆள் ஏறி மிதிக்கும்போது உள்ள இடைவெளியும் ஒன்றல்ல. கம்பியின் மடிப்பு மூட்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், தகடும் வளையும். கையால் இறக்கும்போது ஒரு விரல் தாராளமாக நுழையும் அளவு, அதாவது 12 முதல் 15 மில்லிமீட்டர் இருந்தால் நான் சம்மதிப்பேன். ஐந்து மில்லிமீட்டர் இருக்கிறதே என்று திருப்திப்பட வேண்டாம். பழைய வண்டியில் மூட்டு தேய்ந்திருந்தால் அந்த ஐந்து என்றோ போய்விடும்.

அளவு எடுத்த பிறகு, வண்டியை அன்றாடம் ஓட்டுபவர் வழக்கமாகப் போடும் காலணியோடு ஒரு தடவை ஏறி உட்கார்ந்து பாருங்கள். பட்டறையில் செருப்புக் காலோடு சரியாக இருந்தது, தோட்டத்து ரப்பர் பூட்டு போட்டதும் கம்பிக்கும் கால்தாங்கிக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். வீட்டில் ஒரே வண்டியை மூன்று பேர் எடுப்பதாக இருந்தால் மூன்று பேரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் விட்டுப்போனது இதுதான்.

பின்னால் உட்காருபவரின் கால்தாங்கியையும் மறக்க வேண்டாம். சில வண்டிகளில் அதை விரித்து வைத்திருந்தாலே கம்பியின் அடிப்பகுதிக்கு நெருக்கமாகிவிடும். மடக்கிவிட்டு மிதிக்கும் பழக்கம் வந்தால் போதும், அதற்காக எதையும் வெட்ட வேண்டாம்.

எளியதிலிருந்து தொடங்குங்கள்

முதல் வழிக்குக் காசே செலவில்லை. கிக் கம்பி ஒரு பல்வரி போட்ட தண்டில் மாட்டப்பட்டு, ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கிறது. அதைக் கழற்றி ஒரு பல் முன்னாலோ பின்னாலோ தள்ளி மாட்டலாம். உள்ளே இருக்கும் பற்சக்கரத்தின் வேலை மாறாது, வெளியே கம்பி நிற்கும் கோணம் மட்டும்தான் மாறும். போல்ட்டைத் தளர்த்தினால் போதாது, முழுதாக வெளியே எடுக்க வேண்டும், ஏனென்றால் தண்டில் உள்ள ஒரு காடியின் வழியாகத்தான் அது போகிறது. இது தெரியாமல் சுத்தியலால் தட்டித் தண்டைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பல் தள்ளியதும் நான்கு நிலைகளையும் மறுபடி பாருங்கள். பின்னால் தள்ளினால் அடியில் எக்சாஸ்ட் குழாய் காத்திருக்கும். இஎக்ஸ்5, ஆர்எக்ஸ்இசட் இரண்டிலும் குழாய் வலப்பக்கம்தான்.

இரண்டாவது, மடங்கும் கால்தாங்கி. விலை குறைந்த ‘ரேசிங் செட்’களில் கால்தாங்கி அசையாத ஒரே கட்டையாக இருக்கும். இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. கிக் கம்பிக்காக மட்டும் சொல்லவில்லை. வளைவில் சாயும்போது கால்தாங்கி தரையில் பட்டால் மடங்குகிற கட்டை மேலே எழும்பி விட்டுக்கொடுக்கும். மடங்காத கட்டை தரையில் ஊன்றிப் பின்சக்கரத்தைத் தூக்கிவிடும். மடங்கும் வகையை வாங்கி, மேலும் பின்னும் சாய்ந்து மடங்கும்படி மாட்டினால், கிக் அடிக்கும் முன் காலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். சுருள்வில் பலமாக இருக்கிறதா, கீல் ஆணிக்கு முனையில் பூட்டு ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். முன்னோக்கி மடங்கும்படி மாட்டிவிடாதீர்கள், ஓடும்போது ஏதாவது இடறினால் கால் உள்ளே மாட்டும்.

மடக்கிய பிறகும் இடிக்கிறது என்றால் மூன்றாவது வழி, தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே கட்டியான புஷ் வைத்துக் கால்தாங்கியை வெளியே நகர்த்துவது. சில வண்டிகளில் பத்து மில்லிமீட்டரே போதுமானதாக இருக்கிறது. இங்கேதான் பட்டறைகளில் அவசர வேலை நடக்கிறது. கையில் கிடைத்த வாஷர்களை நாலைந்து அடுக்கி, பழைய போல்ட்டையே முடுக்கிவிடுவார்கள். அடுக்கிய வாஷர் நாளடைவில் அமுங்கும், போல்ட் தளரும். பழைய போல்ட்டின் நீளம் இப்போது பத்து மில்லிமீட்டர் குறைவு, அதாவது மரைக்குள் அந்த அளவு குறைவாகக் கடித்திருக்கிறது. உங்கள் முழு எடையும் அந்த இரண்டு மூன்று மரைச் சுற்றில் தொங்கும்.

எட்டு மில்லிமீட்டர் போல்ட் என்றால், அலுமினிய மரைக்குள் குறைந்தது 12 மில்லிமீட்டராவது இறங்க வேண்டும், 16 என்றால் நிம்மதி. போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா பாருங்கள். அந்த எண் இல்லாத பளபளப்பான போல்ட்டும், வண்ணம் பூசிய அலுமினிய போல்ட்டும் அழகுக்கு. கால் வைக்கும் இடத்துக்கு அல்ல. முடுக்கும்போது டார்க் ஸ்பேனர் இருந்தால் அலுமினிய மரைக்கு 20 முதல் 22 நியூட்டன் மீட்டர். வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. நீண்ட பைப்பைச் செருகி முடுக்குவது மரையைப் பிடுங்கும் சுருக்கு வழி.

வெளியே நகர்த்தினால் வேறு ஒன்று நடக்கிறது. கால்தாங்கியின் நுனி தள்ளிப்போவதால் தகட்டை முறுக்கும் பலம் கூடுகிறது. மெல்லிய அலுமினியத் தகடு இதைத் தாங்காமல் போல்ட் துளையைச் சுற்றி விரிசல் விடும். ஆகவே புஷ்ஷின் நீளம் தேவைக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் கூட வேண்டாம்.

நான்காவது வழி வேறு கிக் கம்பி. சில மாடல்களின் கம்பி வெளிப்பக்கம் வளைந்து வரும், சிலவற்றில் மடிப்பு மூட்டு உயரத்தில் இருக்கும். பழைய உதிரிப் பாகக் கடைகளில் கிடைக்கும். தண்டின் பருமனும் பல் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தால் மட்டுமே வாங்குங்கள். ‘கொஞ்சம் இறுக்கமாப் போகும், தட்டினா உக்காந்துடும்’ என்று கடைக்காரர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கம்பியை மாற்றுவதற்குப் பதிலாக இருக்கிற கம்பியைக் கேஸ் வைத்துச் சூடாக்கி வளைப்பது பழைய பழக்கம். வார்ப்பு அலோய் கம்பியை வளைத்தால் அது உடையும், அன்றே உடையாவிட்டால் இன்னொரு காலை உடையும். இரும்புக் கம்பியிலும் சூடு பட்ட இடம் பலம் குறைகிறது. நடுத்தண்டில் சிறிய வளைவு என்றால் சிலர் தப்பித்திருக்கிறார்கள். பல்வரிக்குப் பக்கத்தில் சூடு காட்டினால் தப்பிக்க வாய்ப்பில்லை.

இவை எதுவும் சரிவரவில்லை என்றால், அந்தக் கால்தாங்கி உங்கள் வண்டிக்கு உரியது அல்ல. விற்றுவிடுங்கள். சட்டத்தை அறுத்தோ, புதுத் துண்டு வெல்டிங் வைத்தோ அதை உட்கார வைக்க வேண்டாம்.

பிரேக்: விட்டுக்கொடுக்க முடியாத இடம்

கிக் கம்பியும் பிரேக் மிதியும் ஒரே வலப்பக்கத்தில் இருப்பதால், ஒன்றுக்கு இடம் தேடும்போது மற்றது பலியாகிறது. நான் பார்த்தவரை பாதிப் பேர் கிக் கம்பிக்கு வழி விட்ட சந்தோஷத்தில் பிரேக்கை அரைகுறையாக விட்டுவிடுகிறார்கள். கிக் இடித்தால் கணுக்கால் போகும். பிரேக் பிடிக்காவிட்டால் என்ன போகும்?

இஎக்ஸ்5, ஆர்எக்ஸ்இசட் இரண்டிலும் பின்பிரேக் டிரம் வகை. மிதியை அழுத்தினால் ஒரு நீண்ட கம்பி சக்கரத்தில் உள்ள கையை இழுக்கிறது. மிதியின் நீளம்தான் நம் காலுக்குக் கிடைக்கும் நெம்புகோல். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய மிதியில் அச்சிலிருந்து கால் வைக்கும் இடம் 200 மில்லிமீட்டர், கம்பி மாட்டிய கை 50 என்று வைத்தால், காலின் பலம் நான்கு மடங்காகப் போகிறது. புதுச் செட்டின் மிதி 120, கை 40 என்றால் மூன்று மடங்குதான். அதே பிரேக் பிடிக்க மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக மிதிக்க வேண்டும். மழையில், பின்னால் பிள்ளையை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூட வாசலில் இந்த வித்தியாசம் தெரியும். கடையில் வாங்கும்போதே அளவு நாடாவால் இந்த இரண்டு நீளத்தையும் அளந்துவிடலாம், ஒரு நிமிட வேலை.

சக்கரத்தில் உள்ள கையும் இழுகம்பியும், பிரேக் பிடிக்கும் தருணத்தில் கிட்டத்தட்ட செங்கோணத்தில் இருக்க வேண்டும். கை ஏற்கெனவே அதிகம் சாய்ந்துவிட்டால் இழுப்பின் பெரும் பகுதி வீணாகிறது. கம்பி நீளம் போதவில்லை என்று கையைக் கழற்றி ஒரு பல் திருப்பி மாட்டுகிறவர்கள், பிரேக் கட்டை தேய்மானத்தைக் காட்டும் குறியும் அதனால் பொய்யாகிவிடும் என்பதை அறிய வேண்டும்.

இன்னொன்று. இழுகம்பியின் பின்முனை சக்கரத்தோடு மேலும் கீழும் ஆடுகிறது, முன்முனை சட்டத்தில் நிற்கிறது. தொழிற்சாலை வடிவத்தில் மிதியின் இடத்தை ஸ்விங் ஆர்ம் அச்சைக் கணக்கில் கொண்டுதான் வைத்திருப்பார்கள். புதுச் செட்டில் முன்முனை எங்கோ மேலே போய்விட்டால், வண்டி பள்ளத்தில் இறங்கும்போது கம்பி தானாகவே இழுபடும், அல்லது தளரும். சோதிப்பது எளிது. யாரும் உட்காராமல் மிதியின் வெற்று அசைவை 20 முதல் 30 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். பிறகு இரண்டு பேரை ஏறி உட்காரச் சொல்லி, கையால் மிதியை அசைத்துப் பாருங்கள். அசைவு காணாமல் போயிருந்தால் சுமையோடு ஓடும்போது பிரேக் உரசிக்கொண்டே இருக்கும். இரு மடங்காகியிருந்தால் மிதி பிடிக்கும் முன்பே தரையைப் பார்க்கும்.

ஒய்15இசட்ஆர் போலப் பின்சக்கரத்திலும் டிஸ்க் உள்ள வண்டிகளில் விஷயம் வேறு. அங்கே மிதி ஒரு மாஸ்டர் பம்ப்பின் தள்ளுதண்டை அழுத்துகிறது. அந்தத் தண்டு நேராகத் தள்ள வேண்டும், பக்கவாட்டில் சாய்ந்து அல்ல. மிதியை விட்டதும் தண்டில் மிகச் சிறிய தளர்வு இருக்க வேண்டும். அது இல்லாமல் இறுக்கிவிட்டால் எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை திறக்காது, வெப்பம் ஏற ஏறப் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றி, பத்து தடவை பிரேக் அழுத்தி விட்டு, மறுபடி சுழற்றுங்கள். இரண்டு தடவையும் ஒரே மாதிரி சுழல வேண்டும். பிரேக் குழாய் கிக் கம்பியின் வளைவுக்குள் தொங்காதபடி கட்டுவதும் இதே சமயத்தில்.

பிரேக் விளக்குச் சுவிட்ச் கடைசியாக நினைவுக்கு வருவது, அல்லது வராமலே போவது. பழைய மிதியில் ஒரு சின்னச் சுருள்வில் சுவிட்சோடு கட்டியிருக்கும். புது மிதியில் அதற்குக் கொக்கியே இருக்காது. முன்பிரேக் பிடித்தால் விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடுகிறார்கள். கப்சாய் ஓட்டும் நம்மவர்களில் பலர் அன்றாடம் நம்புவது பின்பிரேக்கை. பின்னால் வரும் லோரிக்கு நீங்கள் நிற்பது தெரிய வேண்டும். டிஸ்க் வண்டிக்கு எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் போல்ட் வடிவச் சுவிட்ச் கிடைக்கிறது. டிரம் வண்டிக்கு மிதியில் ஒரு துளையிட்டுக் கொக்கி வைத்தால் முடிந்தது.

இடப்பக்கம்

கியர் பக்கத்தில் கிக் கம்பி இல்லை, ஆனால் செட் என்று வாங்கும்போது இரண்டு பக்கமும் மாறுகிறது. இணைப்புக் கம்பியின் கை மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்பதைப் பொறுத்துக் கியர் வரிசை தலைகீழாகிவிடலாம். முன்னே அழுத்தினால் ஏறிய கியர் இப்போது இறங்கும். இருபது வருடம் ஒரே முறையில் ஓட்டிய கால் அவசரத்தில் பழைய முறையைத்தான் செய்யும். கப்சாயில் குதிகாலால் அழுத்தும் பின்மிதியும் போய்விடும். செருப்போடு ஓட்டுகிறவர்கள் விரல் நுனியால் மிதியைத் தூக்க வேண்டிவரும், வயதானவர்களுக்கு இது பிடிக்காது. வலப்பக்கம் மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே வைத்து ஓட்ட முடியாது, ஆகவே முடியாது.

ஜேபிஜே என்ன சொல்லும்

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், மோட்டார் வாகனங்களின் அமைப்பு, பயன்பாடு பற்றிய 1959ஆம் ஆண்டு விதிகளும்தான் இங்கே அளவுகோல். சாலைச் சோதனையில் அதிகாரியின் கண் போகும் இடம் பிரேக், பிரேக் விளக்கு, சட்டத்தில் வெட்டு ஒட்டு. போல்ட் போட்டு மாட்டி, போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடிய மாற்றம் ஒரு ரகம், சட்டத்தை அறுத்து வெல்டிங் வைத்தது முற்றிலும் வேறு ரகம். சட்ட எண் பொறித்த இடத்துக்கு அருகே தீ காட்டினால் வண்டி உங்களுடையதுதான் என்று நிரூபிப்பதே பாடாகிவிடும். சந்தேகம் இருந்தால் மாட்டும் முன் ஜேபிஜே கிளையில் கேளுங்கள். விபத்துக்குப் பிறகு காப்புறுதிக்காரர் கேட்கும்போது ‘கடையில் விற்றார்கள்’ என்பது பதிலாகாது. பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கத்து விதியையும் தனியாக விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மாட்டி முடித்த பிறகு

ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் தகட்டுக்கு ஒரு கோடு, வெள்ளை பெயின்ட்டிலோ நகச்சாயத்திலோ இழுத்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு கோடு நேராக இருந்தால் போல்ட் அசையவில்லை. தோட்டத்து மண் சாலையில் ஓடும் வண்டிக்கு வாரம் ஒருமுறை ஒரு பார்வை. கால்தாங்கிக் கீலுக்கும் கிக் கம்பியின் மூட்டுக்கும் ஒரு சொட்டு எண்ணெய். மூட்டில் மண் சேர்ந்தால் கம்பி உள்ளே மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு பிரேக் மிதியை மறிக்கும்.

வாரத்தில் ஒரு நாளாவது பித்தானை விட்டுவிட்டுக் கிக்கில் கிளப்புங்கள். கம்பியின் பாதை சரியாக இருக்கிறதா என்பதை அதைவிட நல்ல சோதனை சொல்லாது.

தம்பியின் வண்டியில் கடைசியில் நடந்தது இதுதான். ஒரு பல் திருப்பிப் பார்த்தோம், எக்சாஸ்ட் குழாயில் இடித்தது. மடங்கும் கட்டை வாங்கி மாட்டினோம், கம்பி போனது, ஆனால் அப்பா இருட்டில் கட்டையை மடக்க மறந்துவிடுவார் என்று அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. பழைய குறுக்குக் குழாய் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்தது. துருவைத் தேய்த்துவிட்டு, நான்கு புது போல்ட் வாங்கி அதையே மாட்டினோம். ‘ரேசிங் செட்’டைத் தம்பி நண்பனுக்குப் பாதி விலைக்குக் கொடுத்தான், அட்டையில் வரைந்த இரண்டு வளைவுகளையும் சேர்த்து.